நூறு கவட்டில் நூறு ஆண்டுகள்: டிஸ்னி நிறுவனத்தின் வரலாற்றை வாசிகசாலைப் பிள்ளைகளுக்குச் சொல்லும் முறை

வன்னியின் சனசமூக நிலையங்களிலும் பாடசாலை நூலகங்களிலும் விடுமுறைக் காலத்தில் பிள்ளைகளைக் கூட்டிப் பயனுள்ள ஒன்றைச் செய்விக்க விரும்பும் ஆசிரியர்களுக்கும், உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் மாணவர்களுக்கும் இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. சந்தையில் விற்கும் புத்தகப்பையிலும், தண்ணீர்ப் போத்தலிலும், முன்பள்ளிச் சுவரிலும் மிக்கி மவுஸின் முகத்தைக் காணாத பிள்ளை இன்று கிளிநொச்சியிலும் இல்லை, முல்லைத்தீவிலும் இல்லை. அந்த முகத்தை முதலில் வரைந்தவர் யார், அது யாருக்குச் சொந்தம் என்று கேட்டால் பெரியவர்களும் வோல்ட் டிஸ்னி என்ற ஒரு பெயரோடு நின்றுவிடுகிறார்கள். இந்த வரலாற்றைத் தனியொருவர் கண்ட கனவின் கதையாகச் சொல்வது எளிது. ஆனால் அப்படிச் சொன்னால், நன்றாக வரையத் தெரிந்த எங்கள் பிள்ளைகளுக்கு அதிலிருந்து எடுத்துக்கொள்ள அதிகம் எதுவும் இல்லை. எத்தனையோ பேரின் கைகளும், அவர்கள் கையொப்பமிட்ட தாள்களும் சேர்ந்து ஒரு நிறுவனத்தை எப்படி ஆக்கின என்று சொன்னால்தான் அது கல்வியாகும் என்பது என் உறுதியான கருத்து. ஆகவே எல்லா அமர்வுகளிலும் இரண்டு கேள்விகளைத் தவறாமல் கேட்கவேண்டும்: இதை வரைந்தவர் யார்? இதன் உரிமை யாருடையது?

தரம் 6 முதல் தரம் 11 வரையான பிள்ளைகள் பதினைந்து அல்லது இருபது பேர் போதும். நான்கு பின்னேரங்கள் தேவைப்படும். வெயில் தணிந்து, மூன்றரை மணிக்குப் பின் தொடங்குவது நல்லது. ஆளுக்கு ஒரு 80 பக்க அப்பியாசக் கொப்பி, பென்சில், ஒளி ஊடுருவும் பிளாஸ்ரிக் தாள்கள் சில, மை, ஒரு கூடை கல், இரண்டு கைப்பிடி புளியங்கொட்டை ஆகியவற்றைச் சேர்த்துவையுங்கள். ஒரேயொரு அமர்வுக்கு மட்டும் மடிகணினியோ பெரிய திரையுள்ள கைபேசியோ வேண்டும். அன்று காட்டவேண்டிய படத்தை முன்கூட்டியே தரவிறக்கி வைத்திருந்தால் சிக்னலையும் மின்சாரத்தையும் நம்பியிருக்க வேண்டியதில்லை.

முதற் பின்னேரம் வரலாற்றுக்குப் போகாமல் கொப்பியோடு தொடங்குங்கள். 80 பக்கக் கொப்பியில் 40 தாள்கள் இருக்கின்றன. ஒவ்வொரு தாளின் வலது கீழ் மூலையிலும் ஒரு பந்தை, முந்தைய தாளில் இருந்த இடத்திலிருந்து சிறிதளவு நகர்த்தி வரைந்துகொண்டு போய்ப் பெருவிரலால் விரைவாகப் புரட்டினால் பந்து துள்ளும். பந்து நிலத்தில் மோதும் தாளில் அதைச் சற்றுத் தட்டையாகவும், மேலெழும் தாளில் சற்று நீளமாகவும் வரையச் சொல்லுங்கள். அந்தச் சிறு மாற்றத்தில் பந்துக்குப் பாரமும் உயிரும் வந்துவிடுவதைப் பிள்ளைகள் தாமே கண்டுகொள்வார்கள். அசைபடக் கலைஞர்கள் இன்றுவரை முதலிற் பயிலும் பாடமும் இதுதான். பிறகு கணக்குக்கு வாருங்கள். திரைப்படத்தில் ஒரு வினாடிக்கு 24 சட்டங்கள், அதாவது அசையாத தனிப்படங்கள், ஓடுகின்றன. ஒரே சித்திரத்தை இரண்டு சட்டங்களுக்குப் பயன்படுத்தினால் வினாடிக்கு 12 சித்திரங்கள் வேண்டும். அந்த அளவில் 40 தாள்கள் மூன்று வினாடிகளுக்குச் சற்று அதிகமாகவே வரும். ஏழு நிமிடப் படத்துக்கு எத்தனை சித்திரங்கள் என்று பிள்ளைகளையே பெருக்கச் சொல்லுங்கள்: 5,040. பின்னேரம் முழுவதும் குனிந்திருந்து மூன்று வினாடிப் படம் செய்த பிள்ளை அந்த எண்ணை வெறும் இலக்கமாகப் பார்க்காது. அடுத்துவரும் வரலாறு முழுவதையும் அந்தப் பிள்ளை தன் கைவலியைக் கொண்டே அளந்து விளங்கிக்கொள்ளும்.

இரண்டாம் பின்னேரம் மைதானத்துக்குச் செல்லவேண்டும். நிறுவனம் 1923இல் தொடங்கியது. ஆண்டுக்கு ஒரு கவடு என்று நூறு கவடு வைத்தால் 2023 வரும். நேராக அறுபது, எழுபது மீற்றர் தூரம் தேவைப்படும். தொடக்கக் கோட்டில் ஒரு பிள்ளை நிற்க, மற்றவர்கள் கற்களோடு பின்தொடர, நீங்கள் ஆண்டைச் சொல்லச் சொல்லக் கல் வைக்கவேண்டும்.

கோட்டில் நிற்கும்போதே முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுங்கள். வோல்ட் டிஸ்னி 1901 டிசம்பர் 5 அன்று சிக்காகோவில் பிறந்து, மிசூரி மாநிலத்தில் வளர்ந்தவர். கன்சாஸ் நகரில் அவர் நடத்திய முதல் அசைபட நிறுவனம் 1923இல் வங்குரோத்தானது. அதன்பின் அவர் ஹொலிவூட்டுக்குச் சென்றார். அதே ஆண்டு ஒக்டோபர் 16 அன்று, மார்கரெட் விங்க்லர் என்ற பெண் விநியோகத்தருடன், உயிருள்ள சிறுமி ஒருத்தி கேலிச்சித்திர உலகில் உலாவும் தொடர் ஒன்றுக்காக ஒப்பந்தம் செய்தார். அந்தக் கையொப்பத்தைத்தான் நிறுவனம் தன் பிறந்தநாளாகக் கொள்கிறது. அண்ணன் ரோய் டிஸ்னி பணக்கணக்கைப் பார்த்தார். காணி விற்பனை அலுவலகம் ஒன்றின் பின்னறையில் டிஸ்னி சகோதரர் கேலிச்சித்திரக் கலையகம் என்ற பெயரில் வேலை நடந்தது. மூன்றாம் கவட்டில், 1926இல், அண்ணனின் பங்கைக் காட்டிய சகோதரர் என்ற சொல் பெயர்ப்பலகையிலிருந்து நீங்கி, வோல்ட் டிஸ்னி கலையகம் என்றாயிற்று. அந்த இடத்தில் ஒரு கணம் நின்று, அண்ணனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று கேளுங்கள். பெயர் போனாலும் அவர் நிறுவனத்தை விட்டு ஒருநாளும் போகவில்லை என்பதையும் சொல்லுங்கள்.

ஐந்தாம் கவட்டில், அதாவது 1928இல், நடையை நிறுத்தி எல்லோரையும் நிழலில் இருத்துங்கள். இந்த வரலாற்றின் அச்சாணி இங்கேதான் இருக்கிறது. இதற்கு எவ்வளவு நேரம் கொடுத்தாலும் தகும்.

பிள்ளைகளை இரண்டு அணிகளாகப் பிரியுங்கள். ஓர் அணி வரைபவர்கள், மற்ற அணி விநியோகிப்பவர்கள். எளிய தமிழில் ஒரு பக்க ஒப்பந்தத்தைக் கொடுங்கள்: வரைபவர்கள் ஒரு விலங்குப் பாத்திரத்தை உருவாக்கிக் கொடுப்பார்கள்; ஒவ்வொரு படத்துக்கும் பத்துப் புளியங்கொட்டை பெறுவார்கள்; பாத்திரத்தின் பெயரும் உருவமும் விநியோகிப்பவருக்கு உரியவை. பெரும்பாலான பிள்ளைகள் மூன்றாம் வரியை வாசிக்காமலே கையொப்பமிடுவார்கள். அதைச் சுட்டிக்காட்டாமல் விடுங்கள். முதற் சுற்றில் படம் கைமாறும், கொட்டைகள் எண்ணிக் கொடுக்கப்படும். இரண்டாம் சுற்றில் வரைபவர்களின் தலைவர் பன்னிரண்டு கொட்டை கேட்கவேண்டும். விநியோகிப்பவர் எட்டுத்தான் தருவோம் என்று சொல்லி, வரையும் அணியில் பெரும்பாலானோரைப் பெயர் சொல்லித் தம் பக்கம் அழைத்துக்கொள்ளவேண்டும். விலங்கும் அவர்களோடு போய்விடும். எழும் கூச்சல் அடங்கியபின், மூன்றாம் வரியை உரக்க வாசிக்கச் செய்யுங்கள்.

இதன் பின்னர் உண்மை நிகழ்வைச் சொல்லுங்கள். 1927இல் டிஸ்னி கலையகம் ஒஸ்வால்ட் என்ற முயலை உருவாக்கிப் பெரும் வரவேற்பைப் பெற்றது. 1928இன் தொடக்கத்தில் வோல்ட் கூடுதல் பணம் கேட்டு நியூயோர்க்குக்குச் சென்றபோது, விநியோகத்தர் சார்ள்ஸ் மின்ட்ஸ் தொகையைக் குறைக்கவே முன்வந்தார். கலையகத்தின் ஓவியர்களிற் பெரும்பாலோரை அவர் ஏற்கெனவே தம் பக்கம் சேர்த்துக்கொண்டிருந்தார். முயலின் உரிமையோ அந்தப் படங்களை வெளியிட்ட யூனிவர்சல் நிறுவனத்திடம் இருந்தது. வரைந்தவர்களிடம் ஒன்றும் மிஞ்சவில்லை. மின்ட்ஸின் பக்கம் போக மறுத்துக் கூட நின்றவர்களில் முதன்மையானவர் அப் ஐவேர்க்ஸ். மிக்கி மவுஸுக்கு உருவம் கொடுத்து, அதன் முதற் படத்தின் பெரும்பகுதியைத் தனியே வரைந்த கை அவருடையது. வோல்ட் எண்ணத்தையும் குணத்தையும் குரலையும் கொடுத்தார். ஐவேர்க்ஸ் கோட்டைக் கொடுத்தார். பிள்ளைகள் மறக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோகவேண்டிய பெயர் இது. ஒஸ்வால்ட் முயல் 2006இல்தான், அதாவது 83ஆம் கவட்டில்தான், டிஸ்னி நிறுவனத்திடம் திரும்பி வந்தது என்பதையும் சொல்லி, அந்தத் தூரத்தைக் கையால் காட்டுங்கள்.

இந்தப் பயிற்சியை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. எங்கள் இளைஞர்கள் கடைகளுக்குப் பெயர்ப்பலகை வடிவமைக்கிறார்கள், திருமண ஒளிப்பதிவுகளைத் தொகுக்கிறார்கள், குறும்படங்களுக்கு இசையமைக்கிறார்கள், வெளிநாட்டிலிருந்து வரும் வேலைகளையும் கைபேசிச் செய்தி ஒன்றை நம்பிச் செய்து கொடுக்கிறார்கள். திறமைக்கு இங்கே குறைவில்லை. வேலை முடிந்த பின் அது யாருடையது என்று முன்கூட்டியே எழுதிக்கொள்ளும் பழக்கம்தான் இன்னும் வேரூன்றவில்லை. பன்னிரண்டு வயதில் புளியங்கொட்டையோடு அதைப் படித்த பிள்ளை இருபத்தைந்து வயதில் நினைவுவைத்திருக்கும்.

ஆறாம் கவட்டிலிருந்து மீண்டும் நடக்கலாம். 1932இல் முழு வண்ணத்தில் வந்த முதல் வணிகக் கேலிச்சித்திரமும் அதற்குக் கிடைத்த ஒஸ்கார் விருதும், 1937இல் நீளப்படம், 1940இல் போரால் ஐரோப்பியச் சந்தை அடைபட்டதனால் வந்த நட்டம், 1941இல் வேலைநிறுத்தம் என்று இந்தப் பகுதியில் கற்கள் நெருக்கமாக விழும். 32ஆம் கவட்டில், 1955 ஜூலை 17 அன்று, கலிபோர்னியாவின் அனகைமில் டிஸ்னிலாந்து பூங்கா திறக்கப்பட்டது. அதைக் கட்டும் பணத்தில் ஒரு பங்கைத் தந்தது ஏபிசி தொலைக்காட்சி. அதற்கு ஈடாக வோல்ட் அவர்களுக்கு ஒரு வாராந்த நிகழ்ச்சி செய்துகொடுத்தார். படம் பூங்காவுக்கு ஆள் சேர்க்க, தொலைக்காட்சி இரண்டையும் வீடுகளுக்குக் கொண்டுபோகும் அந்த ஏற்பாடுதான், கேலிச்சித்திரக் கலையகமாக இருந்ததைக் குடும்பப் பொழுதுபோக்கு நிறுவனமாக மாற்றியது. 43ஆம் கவட்டில், 1966 டிசம்பர் 15 அன்று, வோல்ட் காலமானார். ஓய்வுபெறவிருந்த ரோய் அதைத் தள்ளிவைத்து, புளோரிடாவில் இரண்டாம் பூங்காவைக் கட்டி முடித்து, அதற்குத் தம்பியின் முழுப்பெயரையும் சூட்டி, 1971 ஒக்டோபரில் திறந்து, அதே ஆண்டு டிசம்பரில் இறந்தார். முன்பு பலகையிலிருந்து நீங்கிய சொல்லை நினைத்துக்கொண்டே பிள்ளைகள் இந்தக் கல்லை வைப்பார்கள்.

அதற்குப் பின் நெடுந்தூரம் கற்கள் குறைவு. 1984இல் மைக்கேல் ஐஸ்னரும் பிராங்க் வெல்ஸும் தலைமைக்கு வந்ததையும், 1989 தொடங்கி 1994 வரை அசைபடங்கள் புத்துயிர் பெற்றதையும், 1995 நவம்பரில் பிக்ஸார் நிறுவனம் செய்த முதல் முழுநீளக் கணினி அசைபடத்தை டிஸ்னி வெளியிட்டதையும் சொன்னாற் போதும். பின்னர் வந்தவை பெரும்பாலும் கொள்வனவுகள்: 2006இல் பிக்ஸார், 2009இல் மார்வல், 2012இல் லூக்காஸ்ஃபிலிம், 2019இல் 71 பில்லியன் டொலருக்கு ஃபொக்ஸ் நிறுவனத்தின் பெரும்பகுதி. ஒரு முயலின் உரிமையை இழந்த கலையகம் மற்றவர்களின் பாத்திரங்களை உரிமையோடு வாங்கும் நிறுவனமாக மாறியதை, பெரிய பிள்ளைகள் நீங்கள் சொல்லாமலே கவனிப்பார்கள்.

நடை முடிந்ததும், கோட்டின் மறுபக்கத்தில் தங்கள் குடும்பத்தின் ஆண்டுகளுக்கும் கல் வைக்க விரும்புபவர்களுக்கு இடம் கொடுங்கள். அம்மா பிறந்த ஆண்டு, கிணறு வெட்டிய ஆண்டு, வீட்டுக்கு முதன்முதலாக மின்சாரம் வந்த ஆண்டு என்று கற்கள் வரும். 1995இன் அருகே கவனமாக இருங்கள். பிக்ஸாரின் படம் அமெரிக்கத் திரைகளுக்கு வந்தது நவம்பர் 22 அன்று; வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தது அதற்கு மூன்று கிழமைக்கு முன், ஒக்டோபர் 30 அன்று. அதன்பின் கிளாலி நீரேரியைக் கடந்து வன்னிக்கு வந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் உங்கள் கூட்டத்தில் இருக்கக்கூடும். 2009க்கும் இது பொருந்தும். எந்தப் பிள்ளையிடமும் கேட்டு வாங்காதீர்கள். வைத்த கல்லுக்கு விளக்கமும் கேட்காதீர்கள். பெரியவர்கள் யாராவது தாமாகச் சொல்ல முன்வந்தால் இடைமறிக்காமல் கேளுங்கள்.

மூன்றாம் பின்னேரம் ஒலிக்கு உரியது. இன்றுதான் படம் காட்டவேண்டும். மிக்கியும் மின்னியும் வரும் ஸ்டீம்போட் வில்லி 1928 நவம்பர் 18 அன்று நியூயோர்க்கில் காட்டப்பட்டது. எட்டு நிமிடத்துக்கும் குறைவான இந்தப் படம் 2024 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் பதிப்புரிமை நீங்கிப் பொதுவுடைமையாகிவிட்டது. 1998இல் அமெரிக்கச் சட்டம் உரிமைக் காலத்தை இருபது ஆண்டு நீட்டாமல் இருந்திருந்தால் 2004இலேயே ஆகியிருக்கும். அந்த நீடிப்புக்காக முயன்றவர்களில் டிஸ்னி நிறுவனமும் ஒன்று என்பதை மறைக்கவேண்டாம். படத்தில் மிக்கி விலங்குகளை நசுக்கியும் வாலைப் பிடித்து இழுத்தும் இசைக்கருவியாக்கும் காட்சிகள் உண்டு. வீட்டில் ஆடு மாடு வளர்க்கும் பிள்ளைகள் முகம் சுளிக்கலாம்; அதைப் பற்றிப் பேசவிடுங்கள்.

முதலில் ஒலியை முழுவதும் அடக்கிக் காட்டுங்கள். பின்பு ஒலியோடு காட்டுங்கள். இந்தப் படத்துக்கு முன்பும் ஒலியுள்ள கேலிச்சித்திரங்கள் வந்திருந்தன. ஆனால் அசைவுக்கும் ஒலிக்கும் இவ்வளவு நெருக்கமான பொருத்தத்தை மக்கள் பார்த்திருக்கவில்லை. வில்பிரெட் ஜாக்சன் என்ற இளம் ஓவியர் தாளக்கருவி ஒன்றை வைத்து, ஒரு தட்டுக்கு எத்தனை சட்டம் என்று கணக்கிடும் வழியைக் கொடுத்தார். தட்டுக்கு 12 சட்டம் என்றால் வினாடிக்கு இரண்டு தட்டு. முல்லைத்தீவில் கோவலன் கூத்துப் பார்த்த பிள்ளைக்கு இது புதிதாக இராது: அண்ணாவியாரின் மத்தளத்தில் அடி விழும் அதே இடத்தில் ஆடுபவரின் காலும் விழுவதுதான் இங்கும் நடக்கிறது. ஊரில் மத்தளம் அல்லது உடுக்கு வாசிக்கத் தெரிந்த ஒருவரை அழைத்து, ஒலியடக்கிய படத்துக்குப் பிள்ளைகளோடு சேர்ந்து தாளம் போடச் செய்யுங்கள். ஓரிரு முறை தவறியபின் பொருந்திவரும். அதன்பிறகு கொப்பிக்குத் திரும்பி, ஆறு தாளுக்கு ஒரு முறை பந்து நிலத்தைத் தொடுமாறு புதிதாக வரையச் சொன்னால், கையிலுள்ள படமே தாளத்துக்கு ஆடும்.

நான்காம் பின்னேரத்தின் பொருள் உழைப்பு. 1937 டிசம்பர் 21 அன்று திரையிடப்பட்ட ஸ்னோ ஒயிட் 83 நிமிடப் படம். பெருக்கிப் பார்த்தால் ஏறத்தாழ 1,20,000 சட்டங்கள். செலவு சுமார் ஒன்றரை மில்லியன் டொலர். பென்சிற் கோடுகள் அப்படியே திரைக்குப் போவதில்லை. அவற்றை ஒளி ஊடுருவும் செலுலொயிட் தாளில் மையால் பிரதிசெய்து, பின்புறம் நிறந்தீட்ட வேண்டும். நடுக்கமில்லாத கை வேண்டிய இந்த வேலையைச் செய்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். பிள்ளைகள் தங்கள் கொப்பியிலுள்ள ஒரு சித்திரத்தின் மேல் பிளாஸ்ரிக் தாளை வைத்து மையால் ஒரே மூச்சில் கோடிழுக்கட்டும். காய்ந்தபின் திருப்பி நிறந்தீட்டட்டும். எவ்வளவு கடினம் என்பது முதற் கோட்டிலேயே தெரிந்துவிடும். படைப்பு வேலையில் பெண்களுக்கு இடமில்லை, அது இளைஞர்கள் மட்டுமே செய்வது என்று 1938இல் ஒரு விண்ணப்பதாரிக்கு நிறுவனம் பதில் எழுதியிருந்தது. ஆயினும் பியாங்கா மஜோலி 1935இலேயே கதைப் பிரிவில் சேர்ந்திருந்தார். 1940இல் சேர்ந்த மேரி பிளேயரின் நிறத் தெரிவுகள் பின்வந்த பல படங்களின் தோற்றத்தையே தீர்மானித்தன. உங்கள் குழுவிலுள்ள பெண்பிள்ளைகள் இந்த இரண்டு செய்திகளையும் சேர்த்தே கேட்கவேண்டும்.

இதே அமர்வில் 1941 வேலைநிறுத்தத்தையும் சொல்லிவிடுங்கள். சம்பளத்தில் ஏற்றத்தாழ்வும், திரையில் பெயர் போடப்படாமையும் ஊழியரிடையே மனக்குறையாக வளர்ந்திருந்தன. தொழிற்சங்கத்தில் முன்னின்ற ஆர்ட் பாபிட் என்ற தலைசிறந்த கலைஞர் வேலைநீக்கப்பட்டதும், மே 29 அன்று ஊழியர்கள் வாசலில் இறங்கினார்கள். முடிவில் நிறுவனம் சங்கத்தை ஏற்றுக்கொண்டது. வோல்ட் இதைத் துரோகமாகவே கருதினார். அவர் படங்களை நேசிக்கும் பிள்ளைக்கு இதைச் சொல்லலாமா என்று சில பெற்றோர் தயங்கலாம். நேசிக்கும் ஒன்றைப் பற்றி முழுவதும் அறிந்துகொள்ளும் வலு பிள்ளைகளுக்கு உண்டு, தயங்காமல் சொல்லுங்கள்.

யூடியூப்பில் பார்த்தவற்றை வைத்துப் பிள்ளைகள் கேட்கும் கேள்விகளுக்கும் ஆயத்தமாக இருங்கள். வோல்ட் டிஸ்னியின் உடல் பனிக்கட்டியில் உறையவைக்கப்பட்டிருக்கிறது என்பது வெறும் வதந்தி; அவர் உடல் தகனம் செய்யப்பட்டது. ஸ்னோ ஒயிட் உலகின் முதல் நீள அசைபடம் அல்ல. ஆர்ஜென்டினாவில் 1917இலேயே ஒன்று வந்து பின்னர் அழிந்துபோனது. ஜேர்மனியில் லோட்டே ரைனிகர் என்ற பெண் கத்தரித்த கறுப்பு உருவங்களைக் கொண்டு 1926இல் ஆக்கிய படம் இன்றும் இருக்கிறது.

நான்கு பின்னேரமும் முடிந்தபின் பிள்ளைகளின் கொப்பிகளையும் நிறந்தீட்டிய தாள்களையும் வாசிகசாலையில் வைக்க விரும்பினால், அதற்கு முன் ஒவ்வொரு பிள்ளையோடும் ஒரு தாள் எழுதிக்கொள்ளுங்கள். படம் யாருடையது, எவ்வளவு காலம் இங்கே இருக்கும், முகநூலில் போடலாமா, போட்டால் பெயர் எப்படி வரவேண்டும் என்பவற்றைப் பிள்ளையே தன் சொற்களில் எழுதட்டும். பிடிக்காத வரியை வெட்டுவதற்கும் உரிமை கொடுங்கள். பெற்றோர் ஒருவரும் வாசிகசாலைத் தலைவரும் ஒப்பமிட்டபின், ஒரு பிரதியைப் பிள்ளையிடம் கொடுத்து, மற்றதை வாசிகசாலைக் கோவையில் இடுங்கள்.